எரிந்துபோன முதல் பைக்

கும்பகோணம் பக்கம் சுவாமிமலையில், மண் அச்சை உடைத்துத்தான் பஞ்சலோகச் சிலையை வெளியே எடுப்பார்கள். அதே மாதிரி இன்னொன்று வேண்டுமா? மறுபடி மெழுகிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்!

ஒரு மோட்டார் சைக்கிளுக்கும் இந்த நிலை வந்தது. ஜெர்மனியில் கான்ஸ்டாட் என்ற ஊரில், வீட்டுத் தோட்டத்துப் பட்டறையில் டைம்லரும் மேபாக்கும் 1885-ல் செய்த உலகின் முதல் பெட்ரோல் பைக் அது. ராத்திரி பகலாக உள்ளே ஒரே தட்டல் சத்தம். 'கள்ளக் காசு அடிக்கிறார்களோ?' என்று தோட்டக்காரர் போலீஸுக்கே போய்விட்டாராம்!

மரச் சட்டம், அரைக் குதிரைசக்தி, மணிக்குச் சுமார் 12 கி.மீ. வேகம். நம்ம ஊர் சைக்கிளே முந்திவிடும். எஞ்சினைப் பற்றவைக்கும் சூடான குழாய் இருந்தது எங்கே தெரியுமா? ஸீட்டுக்கு அடியில்!

1903-ல் கான்ஸ்டாட் தொழிற்சாலையில் பிடித்த தீயில் அந்த வண்டி சாம்பல். இன்று மியூசியங்களில் நீங்கள் பார்ப்பதெல்லாம், பின்னால் வந்தவர்கள் புதிதாக மரம் இழைத்து, இரும்பு அடித்துச் செய்தவை.