கதம்பையும் பேட்டரியும்

தேய்ந்துபோன பேட்டரியைப் பொடியாக்கி, அதில் நுண்ணுயிரை விட்டு உலோகத்தைப் பிரித்தெடுக்கிறார்கள் என்றால் நம்மில் பலருக்குச் சிரிப்பு வரும். கதம்பை அழுகப்போட்ட கரையில் வளர்ந்தவர்கள் சிரிக்க வேண்டியதில்லை.

இராஜாக்கமங்கலம், ஈத்தாமொழிப் பக்கத்து மூத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை. பச்சைக் கதம்பையை உப்புக் கலந்த நீரில் அமிழ்த்தி ஆறு மாதம் முதல் பத்து மாதம் வரை போட்டுவைப்பார்கள். தும்பையும் சோற்றையும் பிடித்துவைத்திருக்கும் பசையை நுண்ணுயிர் மெல்லத் தின்றுவிடும். பிறகு தடியால் அடித்தால் தும்பு தனியே வந்துவிடும். அந்த அழுகிய முட்டை நாற்றமும் நுண்ணுயிரின் வேலைதான். அதை யாரும் விஞ்ஞானம் என்று சொல்லவில்லை, பிழைப்பு என்றார்கள்.

அந்தத் தும்புதான் நம் கடற்கரையை உலகத்துக்குக் காட்டிக்கொடுத்தது. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றுச் சரக்கில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்து, அதில் மோனசைட் இருப்பதைக் கண்டார். விசாரித்துக்கொண்டு மணவாளக்குறிச்சிக்கே வந்து ஆலை போட்டார். முதல் உலகப் போர் வந்ததும் தொழில் ஜெர்மானியர் கையைவிட்டு ஆங்கிலேயர் கைக்குப் போனது. சுதந்திரத்துக்குப் பிறகு 1950இல் இந்திய அருமணல் நிறுவனம் பிறந்தது.

ஷோம்பர்க்குக்கு வேண்டியது தோரியம். கியாஸ் விளக்கு மாண்டில் வெள்ளையாக எரிய அதுதான் தேவை. தோரியத்தை எடுத்தபின் மிஞ்சிய லாந்தனம், சீரியம் முதலிய அருமண் உலோகங்களை என்ன செய்வதென்று அன்று பெரிதாகத் தெரியவில்லை. மாண்டிலைக் கண்டுபிடித்த ஆஸ்திரியர் ஆவர் வான் வெல்ஸ்பாக்தான் அந்த மிச்சத்தை இரும்போடு சேர்த்து லைட்டர் கல் ஆக்கினார். பீடி பற்றவைக்கும் கல்லாக இருந்த அதே வகைக் கலவை, நிக்கலோடு கூடி, பின்னாளில் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிக்குள் புகுந்தது. கேமராவில் போட்டுத் திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்வோமே, அந்தப் பேட்டரி. உங்கள் வீட்டுப் பேட்டரியில் இருப்பது மணவாளக்குறிச்சி மண் என்று நான் சொல்லவில்லை. இனம் ஒன்று, அவ்வளவுதான்.

இனி நுண்ணுயிர் கதைக்கு வருகிறேன். ஸ்பெயின் நாட்டில் ரியோ டின்டோ என்று ஒரு சிவந்த ஆறு உண்டு. அங்கே சுரங்கத்துத் தண்ணீரில் பழைய இரும்பைப் போட்டு, அதன்மேல் படியும் செம்பை எடுத்தார்கள். செம்பு தண்ணீரில் எப்படிக் கரைந்தது என்று அவர்கள் கேட்கவில்லை. 1947இல் அமெரிக்காவில் கோல்மர், ஹிங்கிள் என்ற இருவர், நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வடியும் அமில நீரில் ஒரு பாக்டீரியா வேலை செய்வதைக் காட்டினார்கள். கதம்பையில் வாழ்வதற்குக் காற்றில்லாத சேறு போதும். இதற்குக் காற்று வேண்டும். தீனியோ இரும்பும் கந்தகமும். கந்தகத்தைத் தின்று கந்தக அமிலத்தைக் கொடுக்கும் பிராணி அது. செம்பையும் தங்கத்தையும் தாதுவிலிருந்து பிரிக்க அதைப் பல நாடுகளில் வேலைக்கு வைத்தார்கள். நம் நாட்டில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர் கே. ஏ. நடராஜன் பல்லாண்டுகள் இதிலேயே உழைத்தவர்.

பேட்டரிப் பக்கம் அது வந்தது பிற்பாடு. 1998இல் அர்ஜென்டினா ஆய்வாளர்கள் பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரியை அந்தப் பாக்டீரியாவைக் கொண்டு கரைத்தார்கள். 2008இல் தேபராஜ் மிஸ்ராவும் தென்கொரியாவில் அவரோடு இருந்தவர்களும் லித்தியம் பேட்டரியில் செய்து பார்த்தார்கள். லித்தியத்தைவிடக் கோபால்ட் வேகமாகக் கரைந்தது. ஆனால் பொடியைக் கொஞ்சம் அதிகமாகப் போட்டால் வேலை படுத்துவிட்டது. இன்றுவரை பெரிய முட்டுக்கட்டை அதுதான்: உலோகம் கூடினால் கரைக்க வந்த உயிருக்கே அது விஷம். பொறுமையும் வேண்டும், நாள் கணக்கிலும் வாரக் கணக்கிலும் ஆகும்.

உலையில் உருக்கினால் சீக்கிரம் முடியும். ஆனால் அத்தனை நெருப்புக்கு எரிபொருள் வேண்டும், லித்தியமோ கசடோடு போய்விடும். உலகத்துக் கோபால்டில் பாதிக்கு மேல் காங்கோ நாட்டுச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. அங்கே கையால் மண்ணைத் தோண்டுகிறவர்களில் சிறுவர்களும் உண்டு. பழைய பேட்டரியிலிருந்து எடுக்கிற ஒவ்வொரு கிலோவும் அவ்வளவு தோண்டலைக் குறைக்கும் என்பதால்தான் இந்த மெதுவான வேலையை நான் மதிக்கிறேன்.

மெதுவான வேலை என்பதால் அது சுத்தமான வேலை ஆகிவிடாது. கதம்பை போட்ட தண்ணீர் கறுத்தது, மீன் விலகிப்போனது. அடித்துத் தும்பெடுத்த பெண்களின் கைகளும் கால்களும் வெந்துபோயின. கூலி சொற்பம். பேட்டரியைக் கரைத்த அமிலத் தண்ணீரையும் எங்காவது விட்டுத்தானே ஆகவேண்டும்? சுண்ணாம்பு போட்டு முறித்து, உலோகம் கலக்காமல் பார்த்து விடுவதற்கும் செலவு உண்டு. அந்தச் செலவையும் கணக்கில் சேர்க்கிறார்களா என்றுதான் முதலில் கேட்பேன்.

2022ஆம் ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பேட்டரியைத் தயாரித்து விற்றவர்களும் இறக்குமதி செய்தவர்களுமே பழையதைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்ய வேண்டும். இன்வெர்ட்டரின் ஈயப் பேட்டரிக்கு ஆக்கர்க்காரர் வீடு தேடி வந்து விலை பேசுகிறார். செல்போன் பேட்டரியை எங்கள் தெருவில் இன்னும் யாரும் கேட்டு வரவில்லை. அதுவரை அதைத் தென்னைமூட்டில் புதைக்காமலும் சருகோடு போட்டு எரிக்காமலும் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.