திருடர் திறன்கள்

திருடர் திறன்கள் என்பவை, மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் கற்பனைப் பாத்திர ஆட்டங்களில் பூட்டுத் திறத்தல், பொறி நீக்கல், ஜேப்படி, ஒளிதல், சுவரேறல் போன்ற செயல்கள் பலித்தனவா என்பதைப் பகடையால் தீர்மானிக்கும் விதிகள். இவற்றின் வரலாறு பெரும்பாலும் அமெரிக்க ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் வரலாற்றோடு பிணைந்தது.

தோற்றம்

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோர் 1974இல் வெளியிட்ட மூல ஆட்டத்தில் போர்வீரர், மந்திரவாதி, சமயகுரு என்ற மூன்று பாத்திர வகுப்புகளே இருந்தன. நிலவறையில் பொறி இருக்கும் என்று ஐயுற்ற ஆட்டக்காரர், பத்தடிக் கம்பால் தரையைத் தட்டிப் பார்ப்பதாக வாயால் சொல்வார். விளைவை டன்ஜன் மாஸ்டர் எனப்படும் ஆட்ட நடத்துநர் முடிவு செய்வார்.

திருடன் வகுப்பைப் பற்றிக் கைகாக்ஸ் எழுதிய குறிப்பு அதே ஆண்டு ஜூனில் 'கிரேட் பிளெயின்ஸ் கேம் பிளேயர்ஸ் நியூஸ்லெட்டர்' இதழில் வந்தது. கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவிலிருந்த ஏரோ ஹாபிஸ் கடையைச் சேர்ந்த கேரி சுவிட்சர் தொலைபேசியில் தெரிவித்த யோசனையே அதற்குத் தூண்டுதல். ஆயினும் வகுப்பை முதலில் உருவாக்கியவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஏரோ ஹாபிஸ் கடையில் கூடிய ஆட்டக் குழுவில் ஆடிய டேனியல் வாக்னர் மூல வடிவம் தம்முடையது என்று பின்னாளில் கூறினார். இலக்கிய முன்மாதிரியும் ஒன்றல்ல. ஜாக் வான்ஸின் குகெலையும் ரோஜர் செலாஸ்னியின் 'ஜாக் ஆஃப் ஷேடோஸ்' நாயகனையும் கைகாக்ஸ் சுட்டினார். ஃபிரிட்ஸ் லைபரின் கிரே மவுசரையும், டோல்கீனின் பில்போவையும் சேர்த்துச் சொல்வாரும் உளர்.

நூற்றுவீத அட்டவணை

கைகாக்ஸும் ராப் குன்ட்ஸும் எழுதிய 'கிரேஹாக்' துணைநூல் (1975) வழியாகத் திருடன் விதிகளில் முறையாக இடம்பெற்றான். பெரும்பாலான திறன்களுக்கு நூற்றுக்கு இத்தனை என்ற வாய்ப்பு வகுக்கப்பட்டது. அக்காலத்து இருபது முகப் பகடையில் 0 முதல் 9 வரையான எண்கள் இருமுறை பொறிக்கப்பட்டிருந்தன. அதை இரண்டு முறை உருட்டிப் பத்தாம் இடத்தையும் ஒன்றாம் இடத்தையும் பெற்றனர். மலிவான மென்பிளாஸ்டிக் பகடைகள் ஆட ஆட முனை மழுங்கி, நிற்க வேண்டிய இடத்தில் நில்லாமல் உருண்டன.

1978இல் வந்த அட்வான்ஸ்ட் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்' இந்த அட்டவணையை விரித்தது. முதல் நிலைத் திருடனுக்கான அடிப்படை வாய்ப்புகள்: ஜேப்படி 30%, பூட்டுத் திறத்தல் 25%, பொறி கண்டறிதலும் நீக்கலும் 20%, ஓசையின்றி நடத்தல் 15%, நிழலில் மறைதல் 10%, ஒலி கேட்டல் 10%, சுவரேறல் 85%. பிற மொழி எழுத்தைப் படிக்கும் திறன் நான்காம் நிலையில்தான் தொடங்கியது. கைத்திறனுக்கும் இனத்துக்கும் ஏற்ப எண்கள் கூடின அல்லது குறைந்தன. தொழில்காரர்களுக்குள் பேசும் குழூஉக்குறியும் திருடனுக்கு உண்டு.

முதல் நிலைத் திருடன் ஓசையின்றியும் கண்ணில் படாமலும் ஒரு காவலனைக் கடக்க இரண்டு உருட்டல்களும் பலிக்க வேண்டுமென்றால் தேறும் வாய்ப்பு 1.5% மட்டுமே. பொறியைக் கண்டறிவதும் நீக்குவதும் தனித்தனி உருட்டல்கள் என்பதால் அங்கே 4%. ஜேப்படியில் தேவையான எண்ணைவிட 21 அல்லது அதற்கு மேல் கூடுதலாக விழுந்தால் பறிகொடுக்க இருந்தவர் உணர்ந்துவிடுவார். அதாவது புதிய திருடன் பாதி முயற்சிகளில் கையும் களவுமாகப் பிடிபடுவான். திறக்க முடியாத பூட்டை அடுத்த நிலைக்கு உயரும் வரை மீண்டும் தொட முடியாது. சுவரேறுவதில் மட்டும் அவனை யாரும் குறை சொல்ல முடியாது. இந்தக் குறைந்த வாய்ப்புகளுக்கு ஓரளவு ஈடாக இரண்டாம் நிலையை எட்ட அவனுக்கு 1,251 அனுபவப் புள்ளிகள் போதும். போர்வீரனுக்கு 2,001 வேண்டும்.

இந்த அட்டவணை திருடனுக்குக் கொடுத்ததைவிட மற்றவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டதே அதிகம் என்று ஒரு சாரார் கருதுகின்றனர்: ஒளிவதற்குத் தனித் திறன் வந்தபின் போர்வீரன் தூணுக்குப் பின்னால் ஒளிய முடியுமா என்ற ஐயம் எழுந்தது. ஒளிவது எவர்க்கும் இயலும், வெறும் நிழலில் மறைவதே திருடனின் தனித்திறன் என்பது மறுசாராரின் விளக்கம். மூல விதிகளின் வாசகம் இரண்டுக்கும் இடம் தருவதாகவே தோன்றுகிறது.

இரண்டாம் பதிப்பு (1989) 60 புள்ளிகளைக் கொடுத்து, ஒரே திறனில் 30க்கு மேல் போடாமல், விரும்பியபடி பகிர்ந்துகொள்ளச் சொன்னது. மறைதலுக்கான பகடையை நடத்துநரே இரகசியமாக உருட்டுவார். திருடனோ தான் மறைந்திருப்பதாகவே எப்போதும் நம்புவான்.

பிற ஆட்டங்கள்

1978இல் வெளியான 'ரூன்குவெஸ்ட்' வகுப்புகளையே கைவிட்டு, நூற்றுவீதத் திறன்களை அனைவருக்கும் பொதுவாக்கியது.

2000க்குப் பின்

விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வெளியிட்ட மூன்றாம் பதிப்பில் (2000) வகுப்பின் பெயர் ரோக் என்றானது. நூற்றுவீதம் மறைந்தது. இருபது முகப் பகடையில் விழும் எண்ணோடு திறன் மதிப்பைக் கூட்டிக் கடின எண்ணை எட்ட வேண்டும் என்பது பொது விதியாயிற்று. பிற வகுப்பினரும் ஒளியலாம், பூட்டுத் திறக்கவும் பயிலலாம். கடினமான பொறிகளைக் கண்டறியும் உரிமை மட்டும் பெரும்பாலும் ரோக்கிடம் தங்கியது. நான்காம் பதிப்பு (2008) பூட்டு, பொறி, ஜேப்படி மூன்றையும் ஒரே திறனாகச் சுருக்கியது. ஐந்தாம் பதிப்பில் (2014) திருட்டுக் கருவிகளில் பயிற்சி பெறுவது தனித்தகுதியாயிற்று.

பழைய பாணியை மீட்டெடுக்க முயன்றவர்களிடையே முந்தைய விவாதம் மீண்டும் எழுந்தது. 'சுவோர்ட்ஸ் அண்ட் விசார்ட்ரி' (2008) தொடக்க வடிவில் திருடனைச் சேர்க்கவில்லை. 'லேமென்டேஷன்ஸ் ஆஃப் தி ஃபிளேம் பிரின்சஸ்' திருடனுக்குப் பதிலாக 'ஸ்பெஷலிஸ்ட்' என்ற வகுப்பை வைத்தது. பெரும்பாலான திறன்களில் எவருக்கும் ஆறில் ஒன்று வாய்ப்பு, ஸ்பெஷலிஸ்ட் மட்டும் அதை உயர்த்திக்கொள்ளலாம். ஜான் ஹார்ப்பரின் 'பிளேட்ஸ் இன் தி டார்க்' (2017) குழு முழுவதையும் குற்றவாளிகளாக்கி, களவுக்கான முன்னேற்பாட்டைக் களவின் நடுவே பின்னோக்கிச் சொல்லவும் இடமளித்தது.

2024இல் திருத்தப்பட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளில், மறைந்து தாக்கும்போது கிடைக்கும் சேதப் பகடைகளில் சிலவற்றை விட்டுக்கொடுத்து எதிரியை இடறச் செய்யவோ நஞ்சூட்டவோ ரோக்கால் முடியும்.