எண்ணப்படாத கிர்குக்

1970ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் தேதி இராக் ஜனாதிபதி அகமது ஹசன் அல்-பக்கர் வெளியிட்ட பிரகடனம், 1961 முதல் விட்டுவிட்டு நடந்துவந்த யுத்தத்தால் களைத்திருந்த குர்து மலைநாட்டில் உண்மையான மகிழ்ச்சியையே விளைவித்தது. குர்துக்கள் பெரும்பான்மையாக வாழும் பிரதேசங்களில் அவர்கள் மொழியும் அரபுக்கு இணையான ஆட்சிமொழியாகும், உபஜனாதிபதிகளில் ஒருவர் குர்துக்களிலிருந்து வருவார், நான்கு ஆண்டுகளுக்குள் சுயாட்சி மலரும் என்றெல்லாம் வாக்களித்த அந்த உடன்படிக்கையை, ஆளும் பாத் கட்சியின் சார்பில் குர்துத் தலைவர் முல்லா முஸ்தபா பர்ஸானியோடு பேசி முடித்தவர் அந்நாளில் இளைஞராயிருந்த சதாம் உசேன்.

ஆனால் குர்துக்கள் பெரும்பான்மையினராய் இருக்கும் பிரதேசங்கள் எவை? ஜனத்தொகைக் கணக்கெடுத்து அதைத் தீர்மானிக்கலாம் என்று ஒத்திவைத்ததில்தான் உடன்படிக்கையின் நாசம் ஒளிந்திருந்தது என்பது என் துணிபு. 1927இல் பாபா குர்குரில் பீறிட்ட எண்ணெயால் இராக்கின் பொக்கிஷமாகிவிட்ட கிர்குக்கில் குர்துக்களும் துருக்மேனியரும் அராபியரும் கலந்து வாழ்ந்தார்கள். அங்கே தலைகளை எண்ணுவது எண்ணெயைப் பங்கிடுவதற்குச் சமானம். கணக்கெடுப்பு தள்ளிப்போடப்பட்டது, அரசாங்கமோ அதற்குள் அராபியக் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றலாயிற்று. ஷியா பிரிவினரான ஃபைலி குர்துக்கள் பல்லாயிரவர், இராக்கியரே அல்லர் என்று ஈரான் எல்லைக்கப்பால் துரத்தப்பட்டனர்.

1971 செப்டம்பர் 29ஆம் தேதி, சமாதானம் பேசுவதாகச் சொல்லி பாக்தாத் அனுப்ப, பர்ஸானியின் தலைமையிடமான ஹாஜ் ஓம்ரானுக்கு வந்த மதகுருமார்களைப் பர்ஸானி வரவேற்று அமர்த்தினார். சம்பாஷணையைப் பதிவுசெய்வதற்கென்று அவர்களிடம் கொடுத்தனுப்பப்பட்ட ஒலிப்பதிவுக் கருவிக்குள் வெடிகுண்டு இருந்தது. அது வெடித்த கணத்தில் தேநீர் பரிமாறிக்கொண்டிருந்த பணியாள் குறுக்கே நின்றதால் பர்ஸானி பிழைத்தார், பணியாள் மாண்டார். எடுத்துவந்த கருவியின் ரகசியம் அறியாமலே அந்தக் குருமார்களும் மாண்டார்கள். விருந்தினரை நம்பி வாசலைத் திறந்துவைப்பதைத் தர்மமாகக் கொண்ட ஒரு சமூகத்தின் மனத்தில் இச்செயல் உண்டாக்கிய வடுவை எந்தப் பேச்சுவார்த்தையால் ஆற்றியிருக்க முடியும்?

இதற்குப் பின் பர்ஸானி பாக்தாத்தின் சொல்லை விட்டு ஈரானின் ஷாவையும், 1972 முதல் ரகசியமாக உதவிய அமெரிக்காவையும் நம்பினார். அவருடைய பெரும் பிழை இதுவே. குர்துக்கள் வெல்ல வேண்டும் என்பதல்ல, இராக்கின் பலம் போரில் கரைய வேண்டும் என்பதே உதவியவர்களின் எண்ணம் என்பதை அமெரிக்கக் காங்கிரஸின் பைக் கமிட்டி அறிக்கை பின்னாளில் வெளிப்படுத்தியது.

1974 மார்ச் 11ஆம் தேதி அரசாங்கம் தானாகவே ஒரு சுயாட்சிச் சட்டத்தை, கிர்குக் நகரத்தை விலக்கிவைத்துப் பிரகடனம் செய்து, ஏற்றுக்கொள்ளப் பதினைந்து நாள் தவணை கொடுத்தது. பர்ஸானி மறுத்தார், யுத்தம் மூண்டது. மறு ஆண்டு மார்ச் 6ஆம் தேதி அல்ஜியர்ஸில் ஷாவும் சதாமும் ஷத்-அல்-அராப் நதியின் எல்லையைப் பற்றி உடன்பட்டதும் ஈரானின் பீரங்கிகள் பின்வாங்கின. சில வாரங்களுக்குள் எதிர்ப்பு முறிந்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குர்துக்கள் ஈரானுக்குள் அகதிகளாய்ப் புகுந்தார்கள்.

சதாமின் ஆட்சி வீழ்ந்தபின் எழுந்த 2005ஆம் ஆண்டின் அரசியலமைப்பும், கிர்குக்கில் கணக்கெடுத்துப் பொதுவாக்கெடுப்பும் நடத்தி 2007 முடிவதற்குள் தீர்க்க வேண்டும் என்று 140ஆம் விதியில் எழுதிற்று. அந்தத் தவணையும் கடந்துபோயிற்று. 2024 நவம்பரில் இராக் முழுவதும் வீடுவீடாகச் சென்ற கணக்கர்களின் வினாப் பட்டியலில் இனத்தைப் பற்றிய கேள்வி சேர்க்கப்படவில்லை.