கடற்கரை வழியே கதிர்காமம்



கி.பி. 1344ஆம் ஆண்டில் மொரோக்கோ நாட்டு யாத்திரிகராகிய இபின் பதூதா புத்தளக் கரையில் வந்திறங்கினார். சிவனொளிபாத மலையைக் காண விழைந்த அவருக்கு ஆரியச்சக்கரவர்த்தி ஒரு பல்லக்கும், அதனைச் சுமக்க ஆட்களும் அளித்தான். அம்மலைக்கு ஆண்டுதோறும் சென்று பழகிய யோகியர் நால்வர், பிராமணர் மூவர், அரசனுடைய பரிவாரத்தார் பதின்மர், உணவுப் பொருள் சுமப்பதற்கென்றே பதினைவர் ஆகியோரும் உடன் சென்றனர். இவற்றையெல்லாம் பதூதா தமது பயண நூலில் எண்ணிச் சொல்லியிருக்கின்றார். புறப்பட்ட முதல் நாளிலேயே ஓர் ஆறு குறுக்கிட்டது. மூங்கிலாற் செய்த ஓடமொன்றில் ஏறி அதனைக் கடந்தனர்.

கரையோரமாக நெடுவழி செல்வோனுக்கு வேண்டியவை எவை என்பதை இச்செய்தி ஒன்றே புலப்படுத்தும். சோறு, ஆறு கடக்க ஓர் ஓடம், வழியறிந்த துணை ஆகிய மூன்றுமே அவை. பல்லக்கு மிகை. இன்று நாம் பேசப் புகுவது பல்லக்கில்லாதாரின் வரலாறு. யாழ்ப்பாணத்திலிருந்து கீழைக் கரை வழியாகக் கதிர்காமம் வரை, 500 கிலோமீற்றருக்கும் மேலான தூரத்தை, தம் மூட்டையைத் தாமே சுமந்து ஏறத்தாழ ஒன்றரை மாதம் நடந்தவர்களின் வரலாறு அது.

தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியில் வேலெடுத்துப் புறப்படும் அடியார்கள், வைகாசிப் பொங்கலுக்கு முல்லைத்தீவை அடுத்த வற்றாப்பளையைச் சேர்வர். அதன் பின் கொக்கிளாய், திருக்கோணமலை, மூதூர், வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில், பாணமை, உகந்தை எனக் கரை நீளும். உகந்தைக்கு அப்பால் ஊர் இல்லை, காடுதான்.

இவ்வழியின் தன்மையை அறிய முதலில் அதன் பருவத்தை அறிதல் வேண்டும். கதிர்காம உற்சவம் ஆடி மாதத்தது. ஆகவே நடை முழுவதும் கோடையில் நிகழ்கின்றது. அக்காலத்தில் கீழைக் கரையில் மேற்கிலிருந்து கச்சான் வீசும். தரையைக் கடந்து வரும் வறண்ட அக்காற்றினால் குளங்கள் சுருங்கும், கிணறுகள் ஆழத்திற் போகும், நடப்பவன் நாவரண்டு போவான். யாத்திரிகர் பலரும் கச்சானைச் சபித்தே பேசுவர். ஆயினும் அவர்களுக்கு வழி திறந்து விட்டதும் அக்கோடைதான் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

மாரியில் வாடைக் காற்றோடு மழை கொட்டும்போது, கீழைக் கரையின் களப்புகளும் சிற்றாறுகளும் பெருகிக் கடலோரத்து மணலை உடைத்துக்கொண்டு பாய்கின்றன. அப்போது கரை துண்டு துண்டாகிவிடும். கோடையில் நீர்வரத்துக் குறைந்ததும் அலைகள் மணலை அள்ளிவந்து ஆற்றுவாயிற் சேர்க்கின்றன. சில வாரங்களில் அங்கே ஒரு மணல் அணை எழுந்துவிடுகின்றது. நாயாறு, கொக்கிளாய் முதலிய களப்புகளின் வாய்கள் இவ்வாறு மூடுவனவே. மட்டக்களப்பு முகத்துவாரமும் அத்தகையதே. மாரியில் அதனை வெட்டி விடுவதா, விடாதிருப்பதா என்று வயல் செய்வோருக்கும் மீன் பிடிப்போருக்கும் இடையே எழும் வழக்கு மிகப் பழையது. வாய் மூடிய களப்பை நடப்பவன் கால் நனையாமற் கடக்கலாம். ஆகவே கிணற்றை வற்றச் செய்த வெயிலே ஆற்றையும் அடைத்துக் கொடுத்தது. இக்கரையில் இன்பமும் துன்பமும் ஒரே கையிலிருந்து வருவன.

மகாவலி போன்ற பேராறுகள் இந்த விதிக்கு அடங்குவனவல்ல. கொட்டியாரக் குடாவைச் சூழ்ந்த நீர்ப்பரப்புகளில் தோணியும், பின்னாளிற் பாதை என்று நாம் வழங்கும் மிதவையுமே துணையாயின. கிண்ணியாவில் 396 மீற்றர் நீளமான பாலம் 2009ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலேதான் திறக்கப்பட்டது. அதற்கு முன் அத்துறையில் பாதைக்காகக் காத்துநின்றவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர் உளர்.

மணலில் நடப்பதும் ஒரு வித்தை. மேற்கரையின் உலர்ந்த மணல் காலை உள்வாங்கும். அலை நனைத்த விளிம்பு கெட்டியானது, நடக்க இலேசானது. ஆனால் அவ்விளிம்பு கடலை நோக்கிச் சரிந்திருக்கும். தெற்கு நோக்கி நடப்பவனுக்குக் கடல் இடப்பக்கம். இடக்கால் பள்ளத்திலும் வலக்கால் மேட்டிலும் விழ, மாலைக்குள் இடுப்பு நொந்துவிடும். அந்த நோவைத் தீர்க்கக் கரையை விட்டு உள்வழிக்கு ஏறினால் முள்ளும் சுடுமணலும் காத்திருக்கும். பெரும்பாலோர் செருப்பில்லாது நடந்தவர்கள் என்பதையும் மறத்தலாகாது.

மூட்டையில் என்ன இருந்தது? அரிசி, வறுத்த அரிசிமா, பயறு, ஒடியல் மா, பனங்கட்டி, ஊறுகாய், ஒரு சிறு பானை, செம்பு, மாற்றுடை, திருநீற்றுப் பை. மூட்டை கனக்கும் நாள்களில் தோள் நோகும், வயிற்றுக்குக் கவலையில்லை. மூட்டை இலேசான நாளிற் கவலை தொடங்கும். அக்கவலையைத் தீர்த்தவை வழியிலிருந்த கோயில் மடங்களும் ஊரவர் கைகளுமே. மூதூரிலும் பொத்துவிலிலும் முஸ்லிம்களின் வாசலிலே சாமிமாருக்குத் தண்ணீர் கிடைத்தது. தமிழரும் சிங்களவரும் கலந்து வாழும் பாணமையிலே, இரு மொழியிலும் வரவேற்பு இருந்தது. மேற்குக் கரையின் நீர்கொழும்பு, சிலாபப் பகுதிகளிலிருந்து அப்பருவத்தில் மீன்பிடிக்க வந்து கொக்கிளாய்ப் பக்கம் வாடியடித்திருந்தோரும் உதவினர். விரதகாரர் அந்த வாடியில் உண்பதற்கு ஒன்றுமில்லை; கருவாட்டு மணந்தான் உண்டு. ஆனால் நெருப்பும் நீரும் உண்டு. முன்னே உள்ள ஆற்றுவாய் மூடிவிட்டதா என்ற செய்தியும் உண்டு. யாத்திரிகனுக்கு அச்செய்தி சோற்றினும் பெரிது.

குடிநீரைப் பற்றி ஒரு சொல். கடலருகே மணற் புட்டிகளின் அடியில் மழைநீர் தங்கி நிற்கின்றது. நன்னீர் உப்புநீரினும் இலேசானது. ஆதலால் அது உவர்நீரின் மேல் மிதக்கின்றது. முழங்கையளவு தோண்டினால் இனிய நீர் ஊறும். பேராசையால் மேலும் தோண்டினால் உவர் ஏறிவிடும். பழகிய சாமிமார் இதனை அறிவர். புதியவர் ஒரு முறை கெடுத்தே கற்பர். 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையில் ஏறியபோது, உயிர்களும் மனைகளும் அழிந்ததோடு இந்நன்னீரும் கெட்டது. எத்தனையோ கிணறுகள் நெடுநாள் உவர்த்துக் கிடந்தன.

இவ்வழி எவ்வளவு பழையது? ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ் 1660ஆம் ஆண்டில் கொட்டியாரத்திலே, இதே கரையிலே, கண்டியரசன் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்டவர். 1679இல் தப்பியோடி, 1681இல் தம் நூலை வெளியிட்டார். தென்கிழக்கே உப்பு எடுக்கச் செல்லும் வழியிற் கதிர்காமத் தெய்வம் நிற்கின்றது என்றும், உப்புக்குச் செல்வோர் பெரியோர் சிறியோர் என்ற வேறுபாடின்றி அத்தெய்வத்துக்குக் காணிக்கை செலுத்த வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கின்றார். ஆகவே அப்பகுதிப் பாதைகளைப் பக்தி மட்டும் தேய்க்கவில்லை, உப்பும் தேய்த்தது. தவளம் எனப்படும் பொதிமாட்டுக் கூட்டங்களும் தேய்த்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் புதிய பகையொன்று வந்தது. மக்கள் ஓரிடத்தில் நெருங்கி, ஒரே ஆற்றிற் குளித்துக் குடிக்கும் திருவிழாக்களில் வாந்திபேதி தலைகாட்டிற்று. பிரித்தானிய அரசு அஞ்சி, கதிர்காமம் செல்வோருக்கு அனுமதிச் சீட்டு முறையை வகுத்துத் தொகையைக் கட்டுப்படுத்திற்று. அடியார்கள் இதனைக் கொடுமை என்றனர். அது கொடுமையே, ஆயினும் வாந்திபேதி அதனினும் கொடிது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வூல்ப் என்பவருக்கும் இத்திருவிழாவின் ஒழுங்கைப் பார்க்கும் கடமை வாய்த்தது. இவரே பின்னர் அக்காட்டு மக்களின் வாழ்வை வைத்து 1913இல் ஒரு நாவல் வெளியிட்டவர். ஏறத்தாழ அதே காலத்தில், 1910ஆம் ஆண்டளவில், கொழும்புத்துறை யோகசுவாமிகள் யாழ்ப்பாணத்திலிருந்து கால்நடையாகக் கதிர்காமம் சென்றார்.

காய்ச்சலோ சீட்டுக் கேட்டு வருவதில்லை. வறண்ட பிரதேசத்தின் தேங்கிய குட்டைகளில் நுளம்பு பெருகிற்று. யாத்திரை முடிந்து வீடு சேர்ந்த பின் குளிர்காய்ச்சலில் விழுந்தவர் பலர். நாடெங்கும் 80,000 பேரளவில் மாண்ட 1934, 1935ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளை நோயை முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1963இல் பதினேழு நோயாளராகக் குறைந்து, பின் மீண்டும் பெருகி, ஈற்றில் 2016ஆம் ஆண்டிலேதான் இலங்கை மலேரியா நீங்கிய நாடென உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது.

இனி உகந்தைக்கு அப்பாற்பட்ட காட்டைப் பார்ப்போம். உகந்தை மலைப் பாறைகளிற் சுனைகள் உண்டு. கோடையிலும் அவை நீர் காக்கும். அங்கே குடுவையை நிரப்பிக்கொண்டு குமணக் காட்டுக்குள் இறங்குவர். கும்புக்கன் ஆற்றங்கரையில் மருத மரங்கள் வானளாவி நிற்கும். அம்மரத்தின் சிங்களப் பெயராலேயே ஆறு பெயர் பெற்றது. பாலமில்லை, மூட்டையைத் தலையில் ஏற்றி நடந்தே கடத்தல் வேண்டும். அதன் பின் நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம். நீர் கிடைக்கும் இடங்களே தங்குமிடங்கள், அவற்றுக்கிடையே நிற்பதற்கில்லை. பாலை மரங்கள் பழுக்கும் காலமும் அதுவே. மூட்டை வெறுமையானவனுக்குப் பாலைப்பழம் அமுதம். கரடிக்கும் அது அமுதம். ஒரே மரத்தடியில் இருவரும் சந்தித்தால் என்ன ஆகும் என்பதை அஞ்சியே கூட்டமாகச் சென்றனர். இரவில் நெருப்பு அணையாது காத்தனர்.

1938இல் யால தேசிய வனமானது. குமணப் பகுதியும் பின்னர் அவ்வாறாயிற்று. 1983ஆம் ஆண்டின் பின் மூண்ட போரில், ஆற்றுவாயைக் காட்டிலும் அகலமான பிளவுகள் கரையில் உண்டாயின. வடக்கிலிருந்து புறப்படும் நடை அறுந்தது. கிழக்கிலிருந்து சிறு கூட்டங்கள் இயன்ற ஆண்டுகளிற் சென்றன. பல மடங்கள் ஆளின்றிச் சிதைந்தன. சாமிமாருக்குத் தண்ணீர் வார்த்த ஊர்களிற் சில, தாமே மூட்டை கட்டி வெளியேறின. 2009ஆம் ஆண்டு மே மாதத்திற் போர் முடிந்த பின்னரே செல்வச் சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரையுள்ள நெடுவழி மீண்டும் கால்பட்டது. அண்மைய ஆண்டுகளில் உகந்தைக் காட்டுவாயில் குறித்த சில நாள்களுக்கு மட்டும் திறக்கப்படுகின்றது. பல்லாயிரவர் எண்ணப்பட்டு உள்ளே செல்கின்றனர். எந்நாளில் திறப்பது, எந்நாளில் மூடுவது என்ற வாதமும் ஆண்டுதோறும் எழுகின்றது.

எங்கள் உறவில் ஒரு மூதாட்டி இருந்தார். இளமையில் இருமுறை இவ்வழி நடந்தவர். பிற்காலத்திற் கண்பார்வை மங்கித் திண்ணையோடு அமைந்துவிட்டார். கதிர்காமத்துக்கு வசுவண்டியிற் போய் மறுநாளே திரும்பியவர்கள் திருநீறு கொண்டுவந்து கொடுத்தால், வாங்கி நெற்றியில் இட்டுக்கொள்வார். கூட்டமா, தரிசனம் வாய்த்ததா என்று கேட்கமாட்டார். அவர் கேட்கும் கேள்வி ஒன்றே:

“கொக்கிளாயிலே ஆத்துவாய் மூடிக் கிடந்ததோ, மோனை?”

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.