கொடைக்கானல் மலையேறி வந்த முகங்கள்

போன எபிசோட்ல வானொலியைப் பத்திப் பேசினோம். இந்தத் தடவை செய்தி வாசிப்பாளர்கள். ஆனா கதை சென்னை ஸ்டூடியோவுல தொடங்கல, கொடைக்கானல் மலை மேல தொடங்குது.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் ஆரம்பமானது. ஆரம்பமானதே தவிர, தெற்கே இருந்தவங்களுக்கு அதனால ஒரு பிரயோசனமும் இல்லை. சென்னையையும் அதைச் சுற்றின ஊர்களையும் தாண்டி அந்த அலை போகாது. 1982-ல் இலங்கையில ரூபவாஹினி வந்ததும், தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் மொட்டை மாடியில உயரமா கம்பம் நட்டு, பூஸ்டர் போட்டு அதைத்தான் பார்த்தாங்க. அதாவது, தமிழ்நாட்டுக்காரர் பலர் டிவியில முதன்முதலா தமிழ்ச் செய்தி கேட்டது கொழும்பிலிருந்து! அப்புறம் இங்கே ஊர் ஊருக்கு வந்த சின்ன அஞ்சல் நிலையங்களும் பெரும்பாலும் டெல்லி நிகழ்ச்சியைத்தான் தந்தன.

இதை மாற்றினது 1980களில் கொடைக்கானலில் வந்த உயர்சக்தி ஒளிபரப்புக் கோபுரம். ஏன் கொடைக்கானல்? டிவி அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில்தான் போகும். பூமியின் வளைவு மறைச்சா அவ்வளவுதான். பழனி மலைத்தொடரில் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் நின்னு பார்த்தா, கணக்குப்படி அந்த அலைக்கு 190 கிலோமீட்டர் வரைக்கும் எட்டும். நேர்க்கோட்டில் மதுரை 80 கிலோமீட்டருக்குள்ள, திருச்சி 150-க்குள்ள, திருநெல்வேலி சுமார் 165. வரைபடத்தில ஒரு வட்டம் போட்டுப் பாருங்க, தென் தமிழ்நாட்டில் பெரும்பகுதி உள்ளே வந்துடும். நடுவுல வேற மலை மறைச்ச ஊர்கள் பாவம், புள்ளி புள்ளியாத்தான் பார்த்தாங்க.

சென்னை நிகழ்ச்சிகள் இந்த மலை வழியா இறங்க ஆரம்பிச்சதும் நடந்ததுதான் முக்கியம். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பத்தி எல்லாரும் சொல்வாங்க. என் கணிப்பில் அதைவிடப் பெரிய மாற்றம் செய்தி. ஷோபனா ரவி, வரதராஜன், பாத்திமா பாபு, நிஜந்தன்... இவங்க சென்னைக்காரங்களுக்கு மட்டும் தெரிஞ்ச முகம் இல்லை. இப்போ தேனியில டீக்கடைக்காரருக்கும் தெரியும். ஷோபனா ரவியோட உச்சரிப்பை, குறிப்பா அந்த 'ழ'வை, வாத்தியார்கள் வகுப்பில் உதாரணம் காட்டினாங்க. புடவையைப் பத்தித் தனியா ஒரு விவாதம் ஓடும். ஊரே ஒரே நேரத்துல ஒரே முகத்தைப் பார்த்த காலம் அது.

ஆனா இந்த முகங்கள்ல பெரும்பாலானவங்க தூர்தர்ஷனின் நிரந்தர ஊழியர்கள் இல்லை. அங்கே வழக்கமே அதுதான். கூப்பிட்ட நாளில் போய் வாசிக்கணும், அந்த நாளுக்கு ஒரு கட்டணம். மாசச் சம்பளம் கிடையாது, ஓய்வூதியம் கிடையாது. நாலு மாவட்டத்துக்கு அடையாளம் தெரிஞ்ச ஆளுக்கு அலுவலகத்தில சொந்தமா ஒரு நாற்காலி இருக்காது. அதனால செய்தி வாசிப்பு ஒரு தொழிலா இருந்ததைவிட, மற்ற வேலைகளுக்கு நடுவுல செய்யுற ஒண்ணாத்தான் பலருக்கு இருந்தது. நிஜந்தன் பத்திரிகையாளராவும் நாவலாசிரியராவும் இருந்தார். வரதராஜன் நாடகம், சினிமா. பாத்திமா பாபு 1996-ல் பாலசந்தரின் 'கல்கி' மூலம் திரைக்குப் போனார். பல திறமைன்னு நாம கைதட்டுறோம். அதில் பாதி திறமை, மீதி வீட்டு வாடகை.

1993-ல் சன் டிவி வந்தது. கேபிள் கம்பி தெருவுக்குத் தெரு ஓடினதும் மாடிக் கம்பங்கள் ஒவ்வொண்ணா இறங்கின. மலையின் உயரத்துக்கு டிவியில மதிப்புக் குறைஞ்சுது.

வானொலியில குறையல. அதே கொடைக்கானல்ல இருந்து 100.5-ல் கோடை பண்பலை 10 கிலோவாட் சக்தியில் இன்னும் சமவெளிக்கு இறங்கிட்டிருக்கு. பஸ்ஸில், வயலில், தறிக்கூடத்தில் கேட்கலாம். அகில இந்திய வானொலியில் பகுதிநேர அறிவிப்பாளருக்கு மாசத்துக்கு ஆறு நாள் பணிதான் என்பது ரொம்ப நாளா இருந்த கணக்கு. குரல் தெரிஞ்ச நேயர்கள் பெயர் சொல்லி அழைச்சுப் பாட்டு கேட்பாங்க. மிச்ச இருபத்தி நாலு நாளும் அந்தக் குரலுக்கு வேற வேலை தேடணும்.