ஏற்றமும் கல்லெறி பொறியும்



தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குச் செல்லும் பேருந்தில் அமர்ந்து நோக்கினால் சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம் என ஊர்ப்பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அவ்வூர்களின் வயல்களைத்தாம் காண இயலாது, வீடுகளே தெரியும். அவ்வயல்களோடு மறைந்த கருவிகளுள் ஒன்று கிணற்று ஏற்றம். அதனை அறிந்தவர்க்கு, உலகப் போர் வரலாற்றில் பெரும்பெயர் பெற்ற கல்லெறி பொறி ஒன்று எளிதில் விளங்கிவிடும்.

ஏற்றத்தின் உறுப்புகள் மிகச் சில. நட்ட கால் ஒன்று. அதன்மேல் அசையும் நீண்ட மரமாகிய துலா ஒன்று. துலாவின் நெடும்பகுதி நுனியில் சால் தொங்கும். குறும்பகுதியில் கல்லைப் பாரமாகக் கட்டுவர். அன்றி, ஆட்களே மரத்தின்மீது முன்னும் பின்னும் நடந்து மிதிப்பர். பாரம் தாழ, நீர் உயரும்.

இனிச் சாலைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் ஒரு கவணைக் கட்டுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். தினைப்புனத்தில் கிளி ஓட்டிய கவண்தான். பாரத்தையும் பன்மடங்கு மிகுத்துச் சட்டென விழவிட்டால், நெடும்பகுதி விரைந்து சுழலும். கவணிலுள்ள கல் விண்ணில் பாயும். ஐரோப்பியர் டிரெபுசே என வழங்கிய பொறி இதுவே. இது நம் ஏற்றத்திலிருந்து பிறந்தது என்று நான் கூறவில்லை. பெருமைக்காக வரலாற்றை வளைத்தல் தகாது. கி.மு. காலத்திலேயே சீனர் இத்தகைய பொறியை ஆட்கள் கயிறிழுக்க இயக்கினர். பாரம் கட்டிய வகை 12ஆம் நூற்றாண்டில் மத்தியதரைக் கடற்பகுதியில் பரவியது. 1304இல் ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் கோட்டையார் பணிய முன்வந்தபோதும், தாம் செய்வித்த பெரும்பொறியை வீசிப் பார்க்காமல் விடேன் என்றிருந்தார் ஆங்கில மன்னர் முதலாம் எட்வர்டு! புதுப் பட்டம் வாங்கிய சிறுவனின் பிடிவாதம் அது.

மதுரை மதிற்பொறிகளைச் சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதை அடுக்கிக் கூறுகிறது. கல் வீசும் கவணும் அவற்றுள் ஒன்று. பெயர் உண்டு, அளவும் அமைப்பும் இல்லை. காவியத்தில் அவற்றைத் தேடுவதும் முறையன்று. ஆயினும் அப்பெயரைப் படித்தபோது, கல் வீசும் பொறி ஒன்றைக் கையால் செய்து பார்க்கும் ஆவல் எனக்கு எழுந்தது.

ஓரடி நீள மூங்கிற் பட்டையைத் துலாவாக்கினேன். பாரத்திற்கு, ஜல்லி நிரப்பிய சிறு டப்பா. எறிபொருள் புளியங்கொட்டை, அதனைப்போல் 100 மடங்கு எடை பாரத்திற்கு வேண்டும். துணிக் கவணின் ஒரு கயிற்றைத் துலா நுனியில் கட்டி, மறு கயிற்றை அந்நுனியிலுள்ள ஆணியில் வளையமாக மாட்டினேன். பொறிக்கு முன்னும் பின்னும் எவரும் நில்லாதிருத்தல் இன்றியமையாதது. இதனை அன்றே கற்றேன். முதற்கொட்டை பின்புறமாகப் பறந்து என் கண்ணாடியைத் தாக்கிற்று.

குற்றம் ஆணியில் இருந்தது. ஆணி நேராக இருந்தால் வளையம் விரைவில் கழன்றுவிடும்; கொட்டை மேலோ பின்னோ செல்லும். மிக வளைந்திருந்தால் வளையம் காலந்தாழ்ந்து கழலும். கொட்டை காலடியில் விழும். ஆணியைச் சிறிது வளைத்தேன். கொட்டை முன்னோக்கிச் சென்றது. எனினும் தொலைவு போதவில்லை.

இளமையில் ஏற்றம் மிதித்த முதியவர் ஒருவர் திண்ணையிலிருந்து இதனைப் பார்த்துக்கொண்டிருந்தார். “தம்பி, பாரக் கட்டுப் பக்கம் நீளமாயிருக்கிறது, துலாவைத் தள்ளி மாட்டு” என்றார். நான் துலாவை மூன்றுக்கொன்று எனப் பிரித்திருந்தேன், நான்குக்கொன்றாக மாற்றினேன். அடுத்த கொட்டை முற்றத்தைக் கடந்து, எதிர்வீட்டுக் கூரைமேல் விழுந்தது.