ஏக்கராவும் ஏரும்

திருத்தணிப் பக்கம் நிலம் விற்க வந்தவரிடம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால், "ஒண்ணே முக்கால் ஏக்கரா" என்பார். வீட்டுமனை என்றால் "அஞ்சு சென்ட்டு". அவர் மடித்து வைத்திருக்கும் பட்டாவைப் பிரித்தால் இந்த இரண்டு சொல்லையும் காணோம். 'ஹெக் - ஏர்' என்ற கட்டத்தில் 0 - 71.00 என்று ஏதோ எண் நிற்கும். எல்லை தாண்டி நகரிக்கோ புத்தூருக்கோ போனாலும் தெலுங்கிலும் அதே எகரா, அதே சென்ட்டுதான்.

ஏக்கர் என்பது பழைய ஆங்கிலக் குடியானவன் சொல். 'ஏக்கெர்' என்றால் முதலில் வெறும் வயல், அளவு அல்ல. லத்தீனின் 'அகெர்', ஜெர்மனின் 'ஆக்கர்', வேதகால வடமொழியின் 'அஜ்ர' எல்லாம் இதற்கு உறவு. வடமொழிச் சொல் இங்கே வழக்கொழிந்தது. அதன் தூரத்துத் தங்கை கப்பலேறி வந்து குடியேறிவிட்டாள்.

வயல் எப்படி அளவானது? கனமான கலப்பையில் எட்டு மாடு வரை பூட்டி உழுத காலம் அது. அத்தனை மாட்டையும் திருப்புவது பெரும்பாடு. அதனால் உழவுசாலை நீளமாகவே ஓட்டினார்கள். மாடுகள் மூச்சு வாங்காமல் போகும் ஒரு சாலின் நீளம் 220 கஜம், அதுதான் பர்லாங்கு. 'சாலின் நீளம்' என்பதே அந்தச் சொல்லின் பொருள். "ரெண்டு பர்லாங்கு நடந்தா ஊரு வந்துடும்" என்று நம்மூர்ப் பெரியவர்கள் வழி சொல்வது, அறியாமலே இங்கிலாந்து மாட்டுக்காரன் கணக்கில்தான். அந்த நீளத்துக்கு 22 கஜ அகலத்தில் ஒரு நாளில் உழுது முடிக்கும் துண்டு ஒரு ஏக்கர், அதாவது 43,560 சதுர அடி. கிரிக்கெட் ஆடுகளத்தின் நீளமும் அதே 22 கஜம் என்பதைத் தெருவில் மட்டை பிடிக்கும் பையன்களுக்குச் சொல்லலாம்.

அந்த 22 கஜத்தை 1620 வாக்கில் எட்மண்ட் குண்ட்டர் என்ற கணித அறிஞர் நூறு கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலியாக்கினார். பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். கணக்கு பத்து பத்தாக வந்ததால், ஏக்கரை நூறாக வகுத்துச் சென்ட் போடுவது சர்வேயருக்குச் சுலபம்: ஆயிரம் சதுரக் கண்ணி ஒரு சென்ட், 435.6 சதுர அடி. ஆங்கிலேயர் தங்கள் ஊரில் ஏக்கரை ரூடு, பெர்ச் என்று பிரித்தார்கள். இலங்கைத் தமிழர் இன்றும் ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ் என்றுதான் மனை பேசுகிறார்கள். சென்ட் நம் தென்னாட்டுப் பழக்கம்.

அதற்கு முன்பு நிலத்தை அளக்கத் தெரியாமலா இருந்தார்கள்? திருத்தணிக்கு அருகே திருவாலங்காட்டுக் கோயிலுக்குப் பழையனூரைக் கொடுத்த முதலாம் ராஜேந்திரனின் செப்பேடு 31 ஏடுகள் கொண்டது. சோழர் கணக்கில் வேலி, மா, குழி எல்லாம் உண்டு. பின்ன அளவுகள் இன்றைய தசமத்தையே வெட்கப்படவைக்கும். செங்கல்பட்டுச் சீமையில் 24 அடிச் சதுரம் ஒரு குழி, நூறு குழி ஒரு காணி, ஏறக்குறைய 1.32 ஏக்கர். காணியில் 24-இல் ஒரு பங்கான 2,400 சதுர அடி மனைதான் இன்று சென்னையின் 'கிரவுண்டு'. சிக்கல் ஒன்றே: சீமைக்குச் சீமை அளவுகோல் மாறியது. ஒரே தராசில் தீர்வை போட நினைத்த அரசுக்கு அது தோதுப்படவில்லை. 1858-இல் சென்னை மாகாணத்தில் தொடங்கிய வருவாய் நில அளவை, சங்கிலியையும் ஏக்கரையும் வயல்தோறும் இழுத்துச் சென்றது.

திருத்தணி அப்போது கார்வேட்நகர் ஜமீனில், வட ஆற்காட்டில் இருந்தது. 1911-இல் சித்தூர் மாவட்டம் பிறந்தபோது அதனோடு போனது. 1953-இல் ஆந்திர மாநிலத்துக்கு. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, நடுவர் படாஸ்கர் வகுத்த ஏற்பாட்டின்படி 1960 ஏப்ரல் 1-இல் தமிழகம் வந்தது. மறு ஆண்டே வந்த நில உச்சவரம்புச் சட்டமும் 30 'தர ஏக்கர்' என்றுதான் பேசியது. 1970-இல் அது 15 ஆயிற்று. மாநிலம் மாறியது, ஜமீன் ஒழிந்தது, ஏக்கரா மட்டும் அசையவில்லை.

மெட்ரிக் அளவை வந்து பட்டாவில் ஹெக்டேர் ஏறியது. இங்கேதான் ஒரு வேடிக்கை. உழவில் பிறந்த ஏக்கரைத் துரத்தவந்த அளவின் பெயர் தமிழில் எழுதினால் 'ஏர்'! நம் கலப்பைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நூறு சதுர மீட்டருக்குப் பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர் அது. அதன் வேரான லத்தீன் 'ஆரேயா'வுக்கு நெல்லடிக்கும் களம் என்றும் பொருள் உண்டு. உழவைத் துரத்தப் போரடிக்கும் களம் வந்திருக்கிறது, இன்னும் ஜெயிக்கவில்லை. இத்தனைக்கும் பிரிட்டனிலேயே 2010 முதல் நிலப்பதிவுக்கு ஏக்கர் செல்லாது.

நீங்கள் வாங்கும் பட்டாவில் 0 - 40.50 என்று கண்டால், பாதி நிலம் எங்கே போயிற்று என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சண்டைக்குப் போகவேண்டாம். ஏர்க் கணக்கை 2.47 ஆல் பெருக்குங்கள், சென்ட் வந்துவிடும். அது முழு ஒரு ஏக்கராதான்.